வீட்டோடு வந்த விருந்தாளி

“ஊசி போட்டார்கள், காய்ச்சல் போயிற்று, அதோடு காதும் போயிற்று.” நம் ஊர்களில் முதியோர் சிலரைப் பற்றி இப்படிச் சொல்லக் கேட்டிருப்போம். ஊசி போட்டவர் மீது பழி சொல்வோர் உண்டு. கண்ணேறு என்போர் உண்டு. விதி என்று ஆறுதல் கொள்வோரும் உண்டு. ஆனால் இத்தகைய குடும்பங்கள் சிலவற்றைக் கூர்ந்து நோக்கினால் வியப்பான ஓர் ஒழுங்கு புலப்படும். செவிப்புலன் இழந்தவர் ஒருவராக இரார். அவருடைய தமக்கைக்கும் அப்படியே நேர்ந்திருக்கும். தாயின் உடன்பிறந்தாள் மகனுக்கும் நேர்ந்திருக்கும். தந்தை வழியில் தேடினால் ஒருவரும் இரார். ஒரே மருந்தை ஊரில் ஆயிரம் பேர் போட்டுக்கொண்டிருக்க, இக்குடும்பத்தில் மட்டும் இப்படி நேர்வானேன்? அதுவும் தாய் வழியிலேயே தொடர்வானேன்?

இக்கேள்விக்கு விடை தேடிச் சென்ற அறிவியலார் வந்து நின்ற இடம் கண்ணுக்குப் புலப்படாத உயிரணுவின் உட்புறம். அங்கே அவர்கள் கண்டது 150 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய ஒரு வரலாறு. அதனை இத்திங்கள் பார்ப்போம்.

உயிரணு என்னும் இல்லம்

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவும் ஒரு வீட்டைப் போன்றது. வீட்டைச் சுற்றி மதில் இருப்பது போல உயிரணுவைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. உள்ளே தனித்தனி அறைகளும், அவ்வறைகளில் தனித்தனிப் பணிகளும் உண்டு. இவ்வறைகளையே நுண்ணுறுப்புகள் என்று பாடநூல்கள் அழைக்கின்றன.

நடுவில் இருப்பது உட்கரு. வீட்டின் பத்திரங்களை வைத்துப் பூட்டும் பெட்டி என்று இதனைச் சொல்லலாம். தாய் தந்தையரிடமிருந்து வந்த மரபுச் செய்தி முழுதும் டி.என்.ஏ. என்னும் இழையில் எழுதப்பட்டு இங்கே பாதுகாக்கப்படுகிறது. அச்செய்தியைப் படித்துப் புரதங்களை நெய்து தருபவை ரைபோசோம்கள் என்னும் நுண்மணிகள். இவற்றுள் பல, எண்டோபிளாச வலை என்னும் மடிப்பு மடிப்பான சவ்வின் மீது வரிசையாக அமர்ந்திருக்கின்றன. நெய்து முடித்த சரக்கைச் சீர்செய்து, முகவரி இட்டு, உரிய இடத்திற்கு அனுப்பி வைப்பது கோல்கை உறுப்பு. இத்தாலிய மருத்துவர் கமில்லோ கோல்கி இதனை 1898-ஆம் ஆண்டில் விவரித்தார். பழுதானவற்றையும் பயனற்றவற்றையும் கரைத்து, மீண்டும் பயன்படும் பொருளாக்கித் தருவது லைசோசோம். இதனைப் பெல்ஜிய அறிஞர் கிறிஸ்டியன் டி டூவ் 1955-இல் கண்டறிந்து பெயரிட்டார்; 1974-இல் நோபல் பரிசும் பெற்றார்.

இவ்வறைகள் யாவும் வீட்டாரே கட்டிக்கொண்டவை. உயிரணுவின் சவ்வு உட்புறமாக மடிந்து மடிந்து காலப்போக்கில் இவை உருவாயின என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ஆனால் அதே வீட்டில் வெளியிலிருந்து வந்து தங்கிவிட்ட ஒருவரும் இருக்கிறார். அவரே மைட்டோகாண்ட்ரியா. இழைமணி என்றும் தமிழில் இதனை வழங்குவர்.

உடலுக்குள் ஒரு மின் நிலையம்

புதுப்பட்டினத்தில் வாழ்வோர்க்கு மின் நிலையம் புதிதன்று. நம்மை ஒட்டியுள்ள கல்பாக்கத்தில், சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983-இல் இயங்கத் தொடங்கியது. அணு பிளந்து வெப்பம் உண்டாகிறது, வெப்பம் நீரை ஆவியாக்குகிறது, ஆவி சுழலியைச் சுழற்றுகிறது, சுழற்சி மின்சாரமாகிறது. இதனைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். இதனோடு ஒப்பிடத்தக்க ஏற்பாடு ஒன்று நம் ஒவ்வோர் உயிரணுவிலும் நடைபெறுகிறது என்பதைப் பலர் அறியார்.

மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. வெளிச்சவ்வு வழவழப்பானது. உட்சவ்வோ துணியைக் கொசுவி வைத்தாற்போல் மடிப்புகள் நிறைந்தது. நாம் உண்ட சோறும் மீனும் சிதைந்து சிறு மூலக்கூறுகளாகி இங்கே வந்து சேர்கின்றன. அவற்றிலிருந்து பிரியும் எலக்ட்ரான்கள் உட்சவ்வில் உள்ள புரதங்களின் வழியே கைமாறிச் செல்கின்றன. இறுதியில் அவற்றை ஏற்றுக்கொள்வது நாம் மூச்சில் இழுத்த ஆக்சிஜன். மூச்சு நின்றால் உயிர் நிற்பது இதனால்தான். இந்தக் கைமாற்றம் நடைபெறும்போது ஹைட்ரஜன் அயனிகள் உட்சவ்வுக்கு வெளியே இறைத்துத் தள்ளப்படுகின்றன. மேட்டூர் அணையில் நீர் தேங்குவது போல அவை அங்கே தேங்குகின்றன. தேங்கியவை திரும்பப் பாய்வதற்கு உள்ள மதகு ஒன்றே. அம்மதகு உண்மையிலேயே சுழலும் ஓர் இயந்திரம்! வினாடிக்கு நூறு முறைக்கு மேல் சுழன்று, ஏ.டி.பி. என்னும் ஆற்றல் நாணயத்தை அது அச்சடித்துத் தள்ளுகிறது.

இப்படி அணை கட்டித் திறக்கும் முறையில்தான் உயிர்கள் ஆற்றல் பெறுகின்றன என்று ஆங்கில அறிஞர் பீட்டர் மிட்செல் 1961-இல் எழுதியபோது பலர் ஏற்கவில்லை. 1978-இல் அவருக்கே நோபல் பரிசு கிடைத்தது. மதகு சுழலும் வகையை விளக்கிய பால் பாயர், ஜான் வாக்கர் ஆகியோர் 1997-இல் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஒரு மனிதன் ஒரு நாளில் செலவிட்டு மீண்டும் ஆக்கிக்கொள்ளும் ஏ.டி.பி.யின் அளவு, ஏறத்தாழ அவனுடைய உடல் எடைக்கு ஈடானது. ஆற்றல் மிகுதியாகத் தேவைப்படும் இடங்களில் இந்நிலையங்களும் மிகுதி. இதயம், மூளை, தசை, விழி, செவி ஆகியன அத்தகையவை. முற்றிய சிவப்பணுக்களில் மட்டும் இவை இல்லை. எனவே மைட்டோகாண்ட்ரியாவில் பழுது நேர்ந்தால் முதலில் தள்ளாடுவன இவ்வுறுப்புகளே. செவியின் பெயர் இப்பட்டியலில் இருப்பதை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்வார்களாக.

வந்தவர் யார்?

1905-ஆம் ஆண்டில் உருசிய நாட்டுத் தாவரவியலார் கான்ஸ்டன்டின் மெரெஷ்கோவ்ஸ்கி ஒரு கருத்தை வெளியிட்டார். இலைகளுக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகங்கள் செடியின் சொந்த உறுப்புகள் அல்ல; ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த நீலப்பசும்பாசிகள் செடியின் முன்னோரான உயிரணுவுக்குள் குடிபுகுந்து நிலைத்துவிட்டன என்பதே அது. மைட்டோகாண்ட்ரியாவும் பாக்டீரியாவிலிருந்து வந்ததே என்று அமெரிக்கர் ஐவன் வாலின் 1927-இல் எழுதினார். இரண்டையும் உலகம் பொருட்படுத்தவில்லை.

நாற்பது ஆண்டுகள் கழித்து, இளம் பெண் அறிஞர் ஒருவர் அதே கருத்தைச் சான்றுகளோடு மீண்டும் எழுப்பினார். அவர் பெயர் லின் மார்குலிஸ். ஏறத்தாழ பதினைந்து இதழ்கள் திருப்பியனுப்பிய பிறகே அவருடைய கட்டுரை 1967-இல் அச்சேறியது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1963-இல், மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தனியாக டி.என்.ஏ. இருப்பதை ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் ஆய்வு செய்தோர் கண்டிருந்தனர். பெட்டியில் பூட்டிய பத்திரங்கள் போக, விருந்தாளியின் மடியிலும் ஒரு பத்திரம் இருந்தது!

அந்தப் பத்திரத்தைப் படித்துப் பார்த்தபோது ஐயம் நீங்கியது. மனித உட்கருவின் டி.என்.ஏ. நீண்ட இழைகளாக இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.யோ பாக்டீரியாவில் உள்ளதைப் போல வட்ட வடிவமானது. அதனுடைய ரைபோசோமும் பாக்டீரியாவின் சாயல் கொண்டது. புதிய மைட்டோகாண்ட்ரியா வேண்டுமாயின் உயிரணு அதனை வெறுமையிலிருந்து ஆக்கிக்கொள்ள இயலாது. பாக்டீரியாவைப் போலவே உள்ளது நீண்டு இரண்டாகப் பிரிய வேண்டும்.

பரிணாமம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் சிலருக்கு நெருடல் ஏற்படலாம். இங்கே கையாளப்பட்ட முறையை மட்டும் எண்ணிப் பார்க்குமாறு அவர்களை வேண்டுகிறேன். அது நமக்குப் பழக்கமானதே. அரபுத்தமிழ்க் கையெழுத்துப் படிகள் பத்து கிடைத்தால், எது எதிலிருந்து பெயர்த்தெழுதப்பட்டது என்று எவ்வாறு அறிகிறோம்? ஒரு படியில் நேர்ந்த எழுத்துப் பிழை இன்னொரு படியிலும் அதே இடத்தில் இருந்தால், இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று தெளிகிறோம். அறிவிப்பாளர் தொடரை ஒவ்வொரு கண்ணியாகச் சோதிக்கும் மரபில் வளர்ந்தவர்களுக்கு இது விளங்காத செய்தி அன்று. டி.என்.ஏ.யும் எழுத்துகளால் ஆன படியே. பெயர்த்தெழுதும்போது அதிலும் பிழைகள் நேர்கின்றன. அப்பிழைகளை ஒப்பிட்டே உறவு கண்டறியப்படுகிறது.

அப்படி ஒப்பிட்டபோது மைட்டோகாண்ட்ரியாவின் உறவினர் யார் என்பதும் தெரிந்தது. 1998-இல் ரிக்கெட்சியா என்னும் கிருமியின் டி.என்.ஏ. முழுதும் படிக்கப்பட்டது. டைபஸ் காய்ச்சலைத் தரும் இக்கிருமி, மைட்டோகாண்ட்ரியாவோடு பெரிதும் ஒத்திருந்தது. மழைக்காலத்திற்குப் பின் தமிழகத்தில் பரவும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலின் கிருமியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. பிந்தைய ஆய்வுகள் இவ்வுறவு நாம் எண்ணியதைவிடச் சற்றுத் தொலைவானது என்று கூறினும், இரண்டும் ஒரு பெருங்குலத்தின் கிளைகள் என்பதில் மாற்றமில்லை. ஒரே குலத்தில் ஒரு கிளை வீடு புகுந்து கொள்ளையிடுவோராயிற்று; மற்றொரு கிளை வீட்டுக்கு விளக்கேற்றுவோராயிற்று.

வீட்டுக்குரியவர் யார் என்பதற்கும் விடை கிடைத்து வருகிறது. கிரீன்லாந்துக்கும் நார்வேக்கும் இடைப்பட்ட ஆழ்கடலின் சேற்றிலிருந்து, நம் உயிரணுக்களோடு பல வகையில் ஒத்துள்ள ஒருவகை நுண்ணுயிரின் தடயம் 2015-இல் அறிவிக்கப்பட்டது. அவ்வினத்தைச் சேர்ந்த ஒன்றை ஜப்பானிய அறிஞர்கள் பன்னிரண்டு ஆண்டுகள் பொறுமையாக முயன்று ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, 2020-இல் வெளியிட்டனர்.

நம் வயலில் ஒரு சாட்சி

இத்தகைய குடிபுகல் என்றோ ஒருநாள் நடந்து முடிந்த கதை அன்று. அதன் இடைநிலை ஒன்றை நம் செங்கற்பட்டு மாவட்ட வயல்களிலேயே காணலாம். நெல் வயலில் நீரின் மேல் பச்சைப் பாய் விரித்தாற்போல் மிதக்கும் அசோலாவை அறியாத உழவர் இல்லை. கறவை மாட்டுக்குத் தீவனமாகத் தொட்டியில் வளர்ப்போரும் இன்று பலர். இச்சிறு செடியின் இலைக்குள் ஒரு குழி உண்டு. அக்குழியில் நீலப்பசும்பாசி ஒன்று குடியிருக்கிறது. காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கிச் செடிக்குத் தருவது அதுவே. செடியோ அதற்கு இடமும் உணவும் தருகிறது. செடி வித்து விடும்போது வித்தோடு சேர்ந்தே அடுத்த தலைமுறைக்கும் அது செல்கிறது.

இப்பாசியின் டி.என்.ஏ.யை ஸ்வீடன் நாட்டு அறிஞர்கள் குழு ஒன்று படித்து 2010-இல் வெளியிட்டது. அதன் மரபணுக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிதைந்து பயனற்றுக் கிடப்பதை அவர்கள் கண்டனர். வெளியுலகில் தனியே பிழைப்பதற்கு வேண்டிய திறன்களை அது இழந்து வருகிறது. நைட்ரஜனைப் பிடிக்கும் மரபணுக்கள் மட்டும் செவ்வையாக இருக்கின்றன. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர் தம் ஊரில் உள்ள நிலபுலன்களை ஒவ்வொன்றாகக் கைவிடுவது போன்றது இது. ஆயினும் அது இன்னும் செடியின் குழியில்தான் இருக்கிறது; உயிரணுவுக்குள் நுழையவில்லை.

உயிரணுவுக்குள்ளேயே நுழைந்து உறுப்பாகிவிட்ட புதிய சான்று 2024 ஏப்ரலில் வெளியாயிற்று. கடலில் மிதக்கும் ஓர் ஒற்றை உயிரணுப் பாசிக்குள் நைட்ரஜனைப் பிடிக்கும் பாக்டீரியா ஒன்று வாழ்கிறது. அமெரிக்கரான ஜொனாதன் செர் பசிபிக் கடல் நீரில் அதன் தடயத்தை 1998-இல் கண்டிருந்தார். ஜப்பானைச் சேர்ந்த கியோகோ ஹகினோ அப்பாசியை வளர்ப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் பாடுபட்டார். பாசி பிரியும்போது இதுவும் ஒழுங்காகப் பிரிகிறது, தனக்கு வேண்டிய புரதங்களைப் பாசியிடமிருந்தே பெறுகிறது என்பவை உறுதியானபின், இதனை உறுப்பு என்றே அழைக்கலாயினர். நைட்ரோபிளாஸ்ட் என்பது அதற்கு இட்ட பெயர்.

நீலப்பசும்பாசிகளின் ஆய்வில் தமிழகத்திற்கும் ஒரு பெருமை உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஓ.பி. ஐயங்கார் பாசியியல் துறைக்கு வித்திட்டார். அவர் மாணவரான டி.வி. தேசிகாச்சாரி இப்பாசிகளைப் பற்றி எழுதிய பெருநூலை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1959-இல் வெளியிட்டது. உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் கையாளும் நூல் அது.

தாய் வீட்டுச் சீதனம்

இனி நம் முதற் கேள்விக்கு வருவோம். தாய் வழியிலேயே தொடர்வானேன்?

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் உள்ள வழக்கத்தை வாசகர்கள் அறிவர். அங்கே வீடு பெண்மக்களுக்கு உரியது. மகன் அவ்வீட்டில் பிறந்து வளர்கிறான். மணமானதும் மனைவியின் வீட்டுக்குச் செல்கிறான். வீடு தாயிடமிருந்து மகளுக்கும், மகளிடமிருந்து அவள் மகளுக்கும் செல்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் வழியும் இதுவே. தாயின் கருமுட்டையில் அதன் டி.என்.ஏ. படிகள் இலட்சத்தை எட்டும் அளவில் உள்ளன. தந்தையின் உயிர்த்துளியில் இருப்பதோ நூறு அளவுதான். நீந்தி வந்து சேர்வதற்கு அவை பயன்படுகின்றன. கருவுற்றபின் அவை அடையாளம் காணப்பட்டு அழிக்கப்படுகின்றன. ஆகவே மகன், மகள் இருவருக்கும் கிடைப்பது தாயின் மைட்டோகாண்ட்ரியாவே. மகன் அதனைத் தன் வாழ்நாள் முழுதும் பயன்படுத்துகிறான். ஆனால் தன் பிள்ளைகளுக்குத் தர இயலாதவனாகிறான்.

இந்தச் சீதனப் பத்திரம் மிகச் சிறியது. 16,569 எழுத்துகள், அவற்றில் 37 மரபணுக்கள், அவ்வளவே. 1981-இல் கேம்பிரிட்ஜில் இது முழுதும் படிக்கப்பட்டது. மைட்டோகாண்ட்ரியா இயங்குவதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் தேவை. அவற்றுள் 13 மட்டுமே இப்பத்திரத்தில் எழுதப்பட்டவை. ஏனையவற்றுக்கான பத்திரங்கள் நெடுங்காலத்துக்கு முன்பே உட்கருவின் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. இக்குறிப்பையும் நினைவில் வைத்துக்கொள்க, பின்னர் வேண்டியிருக்கும்.

தாய் வழியே மாறாமல் வருவதால், மாந்தர் குடிபெயர்ந்த வரலாற்றுக்கும் இப்பத்திரம் சான்றாகிறது. ஐதராபாத்தில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் முதலியோர் அந்தமான் பழங்குடியினரின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.யை ஆராய்ந்து 2005-இல் முடிவை வெளியிட்டனர். ஓங்கே இனத்தாரும் பேரந்தமானியரும் பல்லாயிரம் ஆண்டுகள் தனித்து வாழ்ந்த பழங்குடியினர் என்றும், ஆப்பிரிக்காவிலிருந்து வெளியேறிய தொடக்க கால மாந்தரின் வழியினர் என்றும் அவர்கள் கண்டனர். தாய்மாரின் வழியே எழுதப்பட்ட வரலாறு அது.

ஊசியும் செவியும்

கிருமிகளைக் கொல்லும் மருந்துகளில் பல, கிருமியின் ரைபோசோமைத் தாக்குகின்றன. ரைபோசோம் முடங்கினால் கிருமிக்குப் புரதம் இல்லை. புரதம் இல்லையேல் வாழ்வில்லை. நம் உயிரணுவின் பொது ரைபோசோம் வேறு அமைப்பு உடையது. ஆதலால் மருந்து அதனை விட்டுவிடுகிறது. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம்? அது பழைய பாக்டீரியாவின் மரபுடையது அல்லவா! வேட்டைக்குச் சென்றவர் பகைவன் என்று எண்ணி, பகைவனின் முகச்சாயல் கொண்ட நம் வீட்டாளையே அடித்துவிடும் ஆபத்து இங்குதான் உள்ளது.

ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், கானாமைசின், அமிகாசின் ஆகியன ஒரே இனத்து ஊசி மருந்துகள். 1943-இல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின், காசநோய்க்கு முதல் மருந்தாக வந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது. நம் நாட்டிலும் காசநோய் மறுசிகிச்சையில் பல்லாண்டுகள் அது வழங்கப்பட்டது. பெரும்பாலோர்க்கு மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம் இம்மருந்து எளிதில் பற்றிக்கொள்ள இயலாத வடிவில் இருக்கிறது. ஆனால் 1555-ஆம் இடத்தில் உள்ள ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பின் அவ்வடிவம் பாக்டீரியாவின் வடிவத்தை மேலும் நெருங்கிவிடுகிறது. மருந்து அங்கே பற்றிக்கொள்கிறது. உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்ட எலும்புக்குள், ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் ஏறத்தாழ 15,000 உள்ளன. ஆற்றல் இழந்து அவை மடிகின்றன. மடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை.

இவ்வெழுத்து மாற்றம் 1993-இல் வெளியிடப்பட்டது. ஓர் அரபுக் குடும்பத்தையும் மூன்று சீனக் குடும்பங்களையும் ஆராய்ந்து அதனைக் கண்டனர். சீனக் குடும்பங்களில் ஊசிக்குப் பின் செவி போயிற்று. அரபுக் குடும்பத்திலோ ஊசி இன்றியே பலர் செவி இழந்தனர். மாற்றம் ஒன்றே எனினும் விளைவு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பது இதனால் தெரிகிறது. ஐரோப்பியரில் ஏறத்தாழ 500 பேருக்கு ஒருவரிடம் இம்மாற்றம் உண்டு என்று பின்னர் கணக்கிட்டனர்.

இங்கிலாந்தின் மான்செஸ்டர், லிவர்பூல் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு ஒன்று 2022-இல் வெளியாயிற்று. நோயுற்ற பச்சிளங் குழந்தைகளுக்கு ஒரு மணி நேரத்திற்குள் ஜென்டாமைசின் கொடுக்க வேண்டியிருக்கும். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்து, 26 நிமிடத்தில் இவ்வெழுத்து மாற்றம் உள்ளதா என்று சொல்லும் சிறு கருவியை அங்கே சோதித்து வெற்றி கண்டனர். மாற்றம் உள்ள குழந்தைக்கு வேறு மருந்து கொடுத்தால் போதும், செவி பிழைத்துக்கொள்ளும்.

வேறு மருந்துகளிலும் இதே வழியில் தொல்லை வருவதுண்டு. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு இப்போது தரப்படும் லினசோலிட் மாத்திரை நீண்ட நாள் உண்ணப்படும்போது, சிலருக்குக் கால் மரத்துப்போவதும் இரத்தம் குறைவதும் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோமை அது தொடுவதே காரணம். இத்தொல்லைகளை உடனே மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைத்தோ மாற்றியோ தருவார். தாமாக மருந்தை நிறுத்துவோர்க்கோ காசநோயே எமனாகும்.

பழி யார் மீது?

தாய் வழியே வருகிறது என்று கேட்டதும், மருமகளை நோக்கிக் குத்தலாக ஒரு சொல் சொல்வதற்கு நம் இல்லங்களில் ஆள் இருக்கிறார்கள். பிள்ளைக்கு ஒரு குறை என்றால் “உன் வீட்டு வழி” என்று சொல்லிக் காட்டும் வழக்கம் நமக்குப் புதிதன்று. இக்கட்டுரை அத்தகைய நாவுக்கு ஆயுதமாகிவிடக் கூடாது.

முதலாவது, தாய் அதனை ஆக்கினாள் இல்லை. அவளும் தன் தாயிடமிருந்து பெற்றாள். தந்துவிடாமல் தடுக்கவும் அவளால் இயலாது. அப்பெண் தந்த மைட்டோகாண்ட்ரியா இல்லையேல் அப்பிள்ளைக்கு மூச்சே இல்லை. இரண்டாவது, மைட்டோகாண்ட்ரியா நோய்கள் யாவும் தாய் வழியன. முன்னர் குறித்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களுக்கான மரபணுக்கள் உட்கருவில் உள்ளன அல்லவா? அவை தாய் தந்தை இருவரிடமிருந்தும் வருவன. குழந்தைப் பருவத்தில் தோன்றும் மைட்டோகாண்ட்ரியா நோய்களில் பல, இருவரிடமிருந்தும் பழுதான படி ஒவ்வொன்று வந்து சேர்வதால் நேர்பவை. எனவே தாய் வழியன என்னும் சொல்லைத் திருத்தி, தாய் வழியன சில, இருவழியும் வருவன பல என்று கொள்ள வேண்டும். நெருங்கிய உறவில் மணம் செய்யும் குடும்பங்களில் பின்னதற்கு வாய்ப்பு கூடும். மூன்றாவது, செவி இழந்த எல்லோரிடமும் இவ்வெழுத்து மாற்றம் இராது. மூளைக்காய்ச்சலாலும் செவி போகும். மாற்றமே இல்லாதவர்க்கும் இவ்வூசிகள் அளவு மிகுந்தாலோ, சிறுநீரகம் பழுதுற்றிருந்தாலோ செவியைக் கெடுக்கும். எது காரணம் என்பதைச் சோதனையே சொல்ல வேண்டும். அடுப்படிப் பேச்சு சொல்ல இயலாது.

நாம் செய்யத்தக்கவை

செய்யத்தக்கவை எளியன. தாயும், அவளுடைய உடன்பிறந்தாரும், அவளுடைய சகோதரிகளின் மக்களும், தாயின் தாயும் ஆகிய ஒரு வழியில் எவருக்கேனும் ஊசிக்குப் பின் செவி மந்தமாயிற்றா என்று மூத்தோரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வைப்பது நன்று. மூத்தோர் இருக்கும்போதே கேட்க வேண்டும். அப்படி எவரேனும் இருப்பின், குடும்பத்தில் யார் மருத்துவமனையில் சேர்ந்தாலும் அதனை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். குறிப்பாக, பிரசவத்திற்குச் செல்லும் பெண் சொல்ல வேண்டும். பச்சிளங் குழந்தைக்கு இம்மருந்து தேவைப்படலாம். ஒரு மகனின் செவி போயிருப்பின், எச்சரிக்கை அவன் பிள்ளைகளுக்கு அன்று. அவனுடைய சகோதரியின் பிள்ளைகளுக்கு.

அதே வேளையில், இவ்வூசிகள் உயிர் காப்பவை என்பதையும் மறத்தல் ஆகாது. மருத்துவர் ஆராய்ந்து, வேறு வழி இல்லை என்று சொல்லித் தரும் மருந்தை, இக்கட்டுரையைக் காட்டி மறுப்பது அறிவுடைமை ஆகாது. மருத்துவச் சீட்டின்றி ஊசி போட்டுக்கொள்ளும் வழக்கத்தையே கைவிட வேண்டும்.

தாய் வழியே விழிப்புலனைப் பறிக்கும் நோய் ஒன்றும் உண்டு. ஜெர்மன் மருத்துவர் தியோடோர் லேபர் 1871-இல் அதனை விவரித்தார். அதற்குக் காரணமான மைட்டோகாண்ட்ரியாவின் எழுத்து மாற்றத்தை அமெரிக்கர் டக்ளஸ் வாலஸ் குழுவினர் 1988-இல் கண்டனர். அதில் பார்வை இழப்போர் பெரும்பாலும் இளைஞர்கள். அம்மாற்றம் உள்ளவர் புகைபிடித்தால் பார்வை போகும் வாய்ப்பு மிகும் என்றும் ஆய்வுகள் கூறுகின்றன. ஆகவே தாய்மாமனுக்கு இளமையிலேயே இரு கண்ணும் ஒன்றன்பின் ஒன்றாக மங்கியிருந்தால், மருமகன் பீடியையும் சிகரெட்டையும் தொடாமலிருப்பதும், கண் மருத்துவரிடம் அக்குடும்பச் செய்தியைச் சொல்வதும் தேவை.

நிலத்துக்குப் பத்திரம் உண்டு. நகைக்குக் கணக்கு உண்டு. திருமணத்திற்குப் பதிவேடு உண்டு. உடல்நலத்திற்கு மட்டும் நம் இல்லங்களில் ஏடு இல்லை. இத்திங்கள் ஒருநாள் மாலை, பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொண்டு, உம்மா, உம்மாவின் உம்மா, அவருடைய உடன்பிறந்தார் என்று ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, அவரவர்க்கு வந்த நோயையும் ஒவ்வாத மருந்தையும் எதிரே குறித்து வைப்போம். பெயரே மறந்துபோன பாட்டிமார்களின் பெயரைப் பிள்ளைகள் அன்றாவது கேட்டறிவர்.